சூட்டில் கிளம்பாத லாரி

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு ஒரு பழைய பெட்ரோல் லாரியின் ஞாபகமும் கூடவே வந்துவிடும். எங்கள் அலுவலகத்து லாரி அது. காலையில் ஒரே முறையில் கிளம்பும். நாள் முழுக்க ஓடச் சொன்னால் ஓடும். ஆனால் உச்சி வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கப் போனால் உயிர் வராது. முக்கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். என் வயதை ஒத்தவர்கள், லாரி இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு ஜீப்பிலோ காரிலோ இந்தக் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். இறங்கித் தள்ளியும் இருப்பீர்கள்.

இந்தக் கோளாறுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்த லாரியை ஓட்டியவருக்கு இதனால் ஒரு கெட்ட பெயர் வந்தது. அதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு. ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஷொஃபேர் என்ற சொல்

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வண்டி ஓட்டுபவர் டிரைவர் அல்ல, ஷொஃபேர். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘சூடாக்குகிறவர்’. ஷொஃபே என்றால் சூடாக்குவது. நீராவி ரயில் எஞ்சினில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுபவரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் அப்படி அழைத்தார்கள். மோட்டார் வண்டி வந்ததும் அந்தப் பெயர் கார் ஓட்டுபவருக்கு வந்தது.

பெயர் பொருத்தமாகவும் இருந்தது. 1890களில் பனார் எ லெவாசோர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி, ஜெர்மானியரான டைம்லரின் எஞ்சின் வடிவத்தை உரிமம் வாங்கிக் கார் செய்தது. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரோடு சேர்ந்த ஒரு சிறு பிளாட்டினக் குழாயை, வெளியே ஒரு பர்னர் வைத்துப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். குழாய் சிவந்த பிறகுதான் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பலாம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எஞ்சின் செய்தவர்களுக்குக் குளிர்தான் எதிரி. பனிக்காலக் காலையில் பெட்ரோல் ஆவியாகாது, எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் இருமும். அதனால் அவர்கள் சூட்டை வேண்டுமென்றே கார்புரேட்டர் பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின்கள் பலவற்றில், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு இரும்பு மடிப்புத் தகடு இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது புகையின் சூட்டை மேலே திருப்பிவிடும். எஞ்சின் சூடானதும் ஒரு சுருள் ஸ்பிரிங் தளர்ந்து, தகடு திரும்பி, சூட்டை நேராகப் புகைக்குழாய்க்கு அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகடு துருப்பிடித்து அப்படியே இறுகிப்போனால், நம் ஊர் மே மாதத்திலும் அது பனிக்காலம் என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யும்.

பெட்ரோல் கொதிக்கும் கதை

கார்புரேட்டர் என்ற சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். காற்றோடு பெட்ரோலைச் சரியான அளவில் கலந்து கொடுப்பது அதன் வேலை. ஜெர்மனியில் மேபாக் 1893-இல் பெட்ரோலைத் தெளிக்கும் வகைக் கார்புரேட்டரைச் செய்தார். அதைச் செம்மையாக்கியதில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. செனித் கார்புரேட்டர் லியோன் நகரத்து பாவ்ரே என்பவரின் கண்டுபிடிப்பு. சோலெக்ஸ், குடார், மென்னேசோன் என்ற இரு நண்பர்களின் கம்பெனி. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘சோலக்ஸ்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

கார்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம் உண்டு. கழிவறைத் தொட்டியில் இருப்பதுபோல் அதில் ஒரு மிதவை. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி வழி திறக்கும். நிரம்பினால் ஏறி வழியை அடைக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்று வேகமாகப் போகும் இடத்தில் ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகப் பெட்ரோல் தூவப்படும். இவ்வளவுதான்.

பெட்ரோல் தண்ணீரைப்போல ஒரே சூட்டில் கொதிப்பதல்ல. அது பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதிக்கு 200 டிகிரி வேண்டும். வண்டி ஓடும்போது விசிறி காற்றை அடிக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது. டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. சாவியை அணைத்த நிமிடம் இவை எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் இரும்பில் உள்ள சூடு நிற்பதில்லை. புகைக்குழாயிலிருந்தும் எஞ்சின் தலையிலிருந்தும் அது மெல்ல மேலே ஏறுகிறது. அதனால் நிறுத்திய பத்து, இருபது நிமிடத்தில்தான் கார்புரேட்டர் மிகவும் சூடாகிறது, ஓடும்போது அல்ல. அந்த நேரத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, தூவும் குழாய் வழியாகத் தானாகவே உள்ளே சொட்டும். உள்ளே காற்றைவிடப் பெட்ரோல் அதிகமாகிவிடும். பிளக் நனைந்துவிடும். எஞ்சின் எரியாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கோளாறும் உண்டு. அதைத்தான் மெக்கானிக்குகள் ‘வேப்பர் லாக்’ என்பார்கள். பழைய கார்களில் டேங்க் உயரத்தில் இருக்கும். பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கிவரும். பிறகு டேங்க் கீழே போயிற்று. எஞ்சின் பக்கத்தில் ஒரு பம்ப் வைத்து அங்கிருந்து உறிஞ்சினார்கள். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிப்பது இன்னும் சுலபம். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் தள்ளும், கிண்ணம் வறண்டுவிடும்.

இந்த இரண்டு கோளாறுகளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சூடாக இருக்கும்போது கிளம்பாது, ஆறினால் கிளம்பும். ஆனால் ஒன்றில் பெட்ரோல் அதிகம், மற்றதில் பெட்ரோலே இல்லை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குக் கேடு.

சைகோனிலிருந்து வந்தவர்

எங்கள் லாரியை ஓட்டியவர் ஒரு பழைய சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா போனவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அவர் பெயரை எழுதவில்லை. பேரப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

சைகோனில் அவர் ஓட்டியது ஜி.எம்.சி. என்ற அமெரிக்க ராணுவ லாரி. இரண்டாம் உலகப் போருக்காக ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. ஆறு சிலிண்டர், சுமார் 4.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு சக்கரத்துக்கும் இழுவை. கார்புரேட்டர் செனித். லியோனில் பிறந்த பெயர் அமெரிக்கா போய், அமெரிக்க லாரியில் ஏறி, பிரெஞ்சு ராணுவத்தோடு சைகோன் வந்து, அங்கே ஒரு புதுச்சேரிக்காரர் கையில் சேர்ந்தது. இதை அவரிடம் சொன்னபோது, “அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, அது கொதிக்கும், அது தெரியும்” என்றார்.

பென்ஷனுக்கு வேண்டிய வருடங்கள் நிறையாமலே அவர் ஊர் திரும்பிவிட்டார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகு இங்கே அரசு வேலையில் டிரைவராகச் சேர்ந்தார். பேச்சு பாதித் தமிழ், பாதி ராணுவப் பிரெஞ்சு. ஆங்கிலம் அறவே தெரியாது. அலுவலகத்திலோ எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம்.

லாரி அமெரிக்க வடிவத்தில் நம் நாட்டில் பூட்டியது. கம்பெனிப் பெயர் வேண்டாம்; குற்றம் அவர்கள் மேல் இல்லை. அப்போதே பெட்ரோல் லாரிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து டீசல் லாரி செய்யத் தொடங்கியிருந்தார்கள். எண்ணூரிலிருந்து லேலண்டு வந்தது. பழைய பெட்ரோல் லாரி வைத்திருந்தவர்களில் பலர், சென்னை சிம்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். டீசலில் கார்புரேட்டரும் கிடையாது, ஸ்பார்க்கும் கிடையாது. எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் செலவுக்கு அனுமதி வரவில்லை. எங்கள் லாரி பெட்ரோலிலேயே இருந்தது.

லாக் புக்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நவம்பரில் இங்கே பெட்ரோல் விலை ஏறியது. வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனது அப்போதுதான். எல்லா அலுவலகங்களிலும் சிக்கனம் பேச்சாக இருந்தது. எங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. வண்டிகளின் லாக் புக்கைச் சரிபார்த்து, வருடக் கடைசியில் கணக்கு வைக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. எனக்கு வயது இருபத்து நாலு. வேலையில் சேர்ந்து மூன்று வருடம்.

1974 ஏப்ரலில் கணக்குப் போட்டேன். அந்த லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓட வேண்டும். 3-கூட வரவில்லை. நாளுக்கு அறுபது கிலோமீட்டர் ஓடினால் 15 லிட்டர் போதும். 20, 21 லிட்டர் போயிருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். “தினமும் சுமார் 5 லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்கு இல்லை” என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். திருட்டு என்ற சொல்லை நான் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை.

டிரைவருக்கு மெமோ வந்தது. அவர் நேராக என் மேசைக்கு வந்தார். நான்தான் குறிப்பு போட்டேன் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. “நீ பிரெஞ்சு படிச்ச பிள்ளை. நான் சொல்றத இங்கிலீஷ்ல எழுதிக் குடு” என்றார்.

அவர் சொன்ன விஷயம் இது. போன வருடம் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து வந்ததிலிருந்து வண்டியை நிறுத்தினால் சூட்டில் கிளம்புவதில்லை. அதனால் சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கிறார். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் அப்படி ஓடுகிறது. புது பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்தும் வரவில்லை. பேட்டரி நன்றாக இருந்தால் எப்படியாவது சுற்றிக் கிளப்பிவிடலாம். ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். “லெ மொத்தேர் ஏ நுவாயே” என்றார்.

நுவாயே என்றால் மூழ்கியது. பள்ளியில் அந்தச் சொல்லை நான் கதைகளில் படித்திருந்தேன்: ஆற்றில் மூழ்கியவன், கடலில் மூழ்கிய மாலுமி. அப்படியே எழுதினேன்: எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிடுகிறது என்று, ‘டிரவுண்டு’ என்ற சொல்லைப் போட்டு. ஆங்கிலத்தில் மெக்கானிக்குகள் அதற்கு ‘ஃபிளடடு’ என்ற சொல்லைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரி கையால் ஒரு கேள்வி: மூழ்கும் அளவுக்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது? அறையில் எல்லோரும் அதைப் படித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சரிபார்ப்பு நடக்காமல் இல்லை. லாரியைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். மாலையில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மெக்கானிக் சாவி போட்டார். ஒரே தடவையில் கிளம்பியது. கோளாறு எதுவும் இல்லை என்று சான்று கொடுத்துவிட்டார்கள். சூட்டில் வரும் நோயைக் குளிர்ந்த வண்டியில் தேடினால் எப்படி அகப்படும்? அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை.

முடிவு: 84 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம். மாதம் 12 ரூபாய் வீதம் ஏழு மாதம். வண்டி நிற்கும்போது எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று உத்தரவு. அதற்கப்புறம் அவர் ஒழுங்காக அணைத்தார். வண்டி ஒழுங்காக நின்றுபோயிற்று. கூலி ஆட்கள் தள்ளினார்கள். சில நாள் இரவு எட்டு மணிக்கு ஷெட் திரும்பினார். தாமதத்துக்கும் விளக்கம் கேட்கப்பட்டது.

சிதம்பரத்தில் இருபது நிமிடம்

1975-இல் அதிகாரி மாறினார். மே மாதம் காரைக்கால் கிளைக்குப் பழைய கோப்புகளும் அலமாரிகளும் அனுப்பவேண்டி வந்தது. ஜீப் பழுதாகியிருந்ததால் புது அதிகாரியும் லாரியிலேயே வந்தார். முன்னால் அவர், நடுவில் நான். கடலூர் தாண்டிச் சிதம்பரத்தில் காபிக்கு நிறுத்தினோம். டிரைவர் அணைக்கத் தயங்கினார். “அணைய்யா, பெட்ரோல் என்ன தண்ணியா?” என்றார் அதிகாரி. அணைத்தார்.

இருபது நிமிடம் கழித்து வந்தோம். சாவி, ஸ்டார்ட்டர், ஒன்றும் இல்லை. டிரைவர் எதுவும் பேசவில்லை. கீழே இறங்கி மானிவெல்லை, அதுதான் கைப்பிடியை, எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அதிகாரியின் சட்டை நனைந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகைப் பட்டறை. அங்கிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். வந்ததும் அவர் கேட்டது, “காலையில எடுக்குதா?” எடுக்கிறது என்றோம். “ஆறினா எடுக்குதா?” எடுக்கும். “அப்ப யாரும் சாவியத் தொடாதீங்க. இப்பவே பாக்கணும்” என்றார். ஒரு வருடமாக யாரும் சொல்லாத வார்த்தை அது.

முதலில் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றியது என்று கேட்டார். எஞ்சின் சூட்டில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சோர்ந்துபோகும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தாலும் மந்தமாகச் சுற்றும். எங்கள் பேட்டரி பலவீனம்தான். ஆனால் சுற்றத்தான் செய்தது. அடுத்து ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றச் சொன்னார். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. காயில், கண்டென்சர் இரண்டும் சூட்டில் செயலிழக்கக்கூடியவை. பொறி மஞ்சளாக, மெலிதாக வந்திருந்தால் அங்கே தேட வேண்டும். மூன்றாவதாகத்தான் பெட்ரோலுக்கு வந்தார். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் நின்று அரை மணி ஆகப்போகிறது. தூவும் குழாயின் நுனியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, கொஞ்சம் நுரை, மறுபடி ஒரு சொட்டு. கீழே எல்லாம் ஈரம். கண்ணை எரிக்கும் வாசனை.

“மூழ்கிப் போச்சு பாருங்க” என்றார் மெக்கானிக். டிரைவர் என்னைப் பார்த்தார்.

கிண்ணம் வறண்டிருந்தால் வேறு கதை என்று மெக்கானிக் விளக்கினார். ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால் உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் கிண்ணம் காலி, ஆவி அடைப்பு. அப்போது பம்பின் மேல் ஈரச் சாக்கு போட்டு ஆறவைக்கலாம். இங்கே அது வேண்டாம். சோக் இழுக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கவும் கூடாது. ஒவ்வொரு மிதியிலும் இன்னும் பெட்ரோல் உள்ளே போகும். ஒரே மிதியாகக் கடைசி வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். காற்று நிறையப் போய் ஈரத்தை வாரிக்கொண்டு போகும். டிரைவரை ஏறி மிதிக்கச் சொல்லிவிட்டு, அவருடைய ஆள் கைப்பிடியைச் சுற்றினான். ஏழாவது எட்டாவது சுற்றில் கரும்புகையோடு கிளம்பியது.

“இது எனக்கும் தெரியும்” என்றார் டிரைவர் மெதுவாக. “பேட்டரி தாங்காது. கையால சுத்த ஒரு ஆள் வேணும். நான் ஒருத்தன்தானே.”

பிறகு காரணத்தைத் தேடினார்கள். கார்புரேட்டருக்கும் அது உட்காரும் குழாய்க்கும் நடுவில் சூடு ஏறாமல் தடுக்கும் கனமான கேஸ்கெட் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லை. எஞ்சினைப் பிரித்து மாட்டிய இடத்தில் அதற்குப் பதில் மெல்லிய காகிதப் பேக்கிங் வைத்திருந்தார்கள். கீழே மடிப்புத் தகடு சூட்டை மேலே அனுப்பும் நிலையிலேயே துருவேறி இறுகியிருந்தது. மிதவையின் மட்டமும் கொஞ்சம் உயரம். மெக்கானிக் மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டித் தகட்டை விடுவித்தார். மிதவையின் நாக்கை லேசாக வளைத்தார். பழைய ஃபைபர் தகட்டை வெட்டி, மூன்று அடுக்கு வைத்து ஒரு கேஸ்கெட் செய்தார். இரண்டு மணி நேர வேலை. கூலி 8 ரூபாய்.

காரைக்கால் போவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார் அதிகாரி. கொள்ளிடம் தாண்டி, சீர்காழியில், தரங்கம்பாடியில். மூன்று இடத்திலும் வேண்டுமென்றே கால் மணி நேரம் நின்றோம். மூன்று தடவையும் சாவி போட்டதும் கிளம்பியது.

திரும்பி வந்ததும் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். 1973 பிப்ரவரி வரை லிட்டருக்கு 4 கிலோமீட்டர் சரியாக வந்திருந்தது. மார்ச்சில் எஞ்சின் வேலை. ஏப்ரலிலிருந்து 3-க்குக் கீழே. அத்தனையும் முந்தைய வருடத்துப் புத்தகத்தில் இருந்தது. நான் ஒரு வருடத்துக் கணக்கை மட்டும் கூட்டியிருந்தேன். பழைய புத்தகம் பீரோவில், என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பேட்டரி கேட்டு அவர் எழுதிய மனுவும் அதே பீரோவில், ‘பரிசீலனையில்’ என்ற என் கையெழுத்தோடு இருந்தது.

84 ரூபாய்

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் குறிப்பு எழுதினேன். அரசுக் கணக்கில் சேர்ந்துவிட்ட தொகையை எந்த விதியின் கீழ் திருப்புவது என்று கேட்டார்கள். விதியைத் தேடி எழுதினேன். மெக்கானிக்கின் ரசீது கேட்டார்கள். கீற்றுக் கொட்டகையில் ஏது ரசீது? அதிகாரி தானே பார்த்ததாக எழுதிக் கொடுத்தார். கோப்பு மூன்று வருடம் சுற்றியது. அதற்குள் டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். பணிப் பதிவேட்டில் இருந்த மெமோ அப்படியே இருந்தது. அதை நீக்க விதி கிடைக்கவில்லை.

1978-இல் பணம் வந்தது. நானே முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பணத்தை எண்ணாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும் தம்பி. கையெழுத்து உன்னுதுதானே” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே கேட்டார்:

“நுவாயேக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும், கண்டுபிடிச்சியா?”

“ஃபிளடடுன்னு சொல்லணுமாம் ஐயா.”

“அப்படின்னா?”

“வெள்ளம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.”

“வெள்ளம் வந்தாலும் மூழ்கத்தானே செய்யும்?” என்று சொல்லிச் சிரித்தார். உள்ளே திரும்பி எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அந்த லாரி பிறகு ஏலத்தில் போயிற்று. 2000-ஐ ஒட்டிப் புதுக் கார்களிலும் கார்புரேட்டர் மறைந்து, டேங்குக்குள்ளேயே பம்ப் வைத்து அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்பும் முறை வந்துவிட்டது. உறிஞ்சாமல் தள்ளுவதால் ஆவி அடைப்பு இல்லை. கிண்ணமே இல்லாததால் பொங்குவதும் இல்லை. என் பேரனுக்கு இந்தக் கோளாறை விளக்கினால், “அப்படியும் வண்டி இருந்துச்சா தாத்தா?” என்கிறான்.

இன்னும் யாராவது ஆசைக்கு ஒரு பழைய பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு வெயிலில் அவதிப்பட்டால், அந்தச் சிதம்பரத்துப் பெரியவர் செய்ததையே செய்யுங்கள். ஆறும்வரை காத்திருந்து காட்டாதீர்கள். சூட்டோடு சூடாகத் திறந்து பாருங்கள். சுற்றுகிறதா, பொறி வருகிறதா, பெட்ரோல் அதிகமா இல்லையா என்று வரிசையாகக் கேளுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் கனமான கேஸ்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எஞ்சின் வேலைக்கு விட்ட தேதியையும் எழுதி வையுங்கள். எங்கள் லாரிக்கு விடை அந்தத் தேதியில்தான் இருந்தது.